மெசினில் கமரா பூட்டிப் பயிர் வரிசை பார்ப்பது: வன்னிக் கமக்காரருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

உழவு மெசின் ஓட்டுகிறவருக்குக் கண் முன்னால் இருக்கிறது. வேலை நடப்பது முதுகுக்குப் பின்னால். விசுவமடுப் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியில் ஒரு காலபோகத்துக்குக் கச்சான் போட்டபோது இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் இரவு மழை, மண்ணில் ஈரம் கூட. நான்கு குழாய் வைத்த விதைப்புக் கருவியில் மூன்றாவது குழாயின் வாயில் மண் அப்பி அடைத்துவிட்டது. ஓட்டிய அண்ணை கோடு பிசகாமல் முன்னால் பார்த்தபடி ஓட்டினார். பெட்டியில் விதை குறைந்துகொண்டே இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எட்டாம் நாள் முளை பார்க்கப் போனால், அரை ஏக்கருக்கு மேல் நாலுக்கு ஒரு சால் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. கையால் ஊன்றிச் சரிப்படுத்தினோம். ஆனால் அந்தச் சால்கள் கடைசிவரை பிந்தியே நின்றன. பிடுங்கும்போது மற்றவை முற்றியிருக்க இவை பிஞ்சாக இருந்தன.

அடுத்த போகத்துக்கு ஒரு சாதாரண ரிவேர்ஸ் கமராவை அந்தக் கருவியில் பூட்டினோம். விதைக்கத் தொடங்கிய முதல் மணித்தியாலத்திலேயே அண்ணை மெசினை நிப்பாட்டினார். "தம்பி, ரெண்டாவதிலை கொட்டை விழேல்லை, இறங்கிப் பார்." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் என்னைப்போல் ஒரு போகத்தை இழந்து படிக்கத் தேவையில்லை.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் இதை முடிவு செய்யுங்கள். மெசினில் பூட்டும் கமரா மூன்று விதமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும். விதை விழுகிறதா என்பது முதலாவது. முளைத்தது எத்தனை, எங்கே இடைவெளி என்பது இரண்டாவது. களையும் பூச்சியும் எந்தச் சாலில் தலையெடுக்கின்றன என்பது மூன்றாவது. மூன்றுக்கும் கமரா நிற்க வேண்டிய இடம் வேறு, உயரம் வேறு, கமராவின் கண்ணாடி (லென்ஸ்) பிடிக்கும் அகலமும் வேறு. ஒரே கமராவை நடுவில் எங்காவது பூட்டி மூன்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. முதல் போகத்தில் ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள். எனக்கு விதைப்புத்தான் முதல் இடம். அங்கே பிழையை அந்த நிமிடமே திருத்தலாம். மற்ற இரண்டிலும் பிழை நடந்த பிறகுதான் தெரியவரும்.

பயிரையும் பாருங்கள். இரணைமடுவின் கீழும் மற்றக் குளங்களின் கீழும் நெல் பெரும்பாலும் வீசி விதைக்கப்படுகிறது. வீசி விதைத்த வயலில் வரிசையே இல்லை, இந்தக் கமராவுக்கு அங்கே வேலையும் இல்லை. நாற்று நடும் இயந்திரத்தால் 30 சென்ரிமீற்றர் வரிசையில் நட்ட வயல் என்றால் பார்க்கலாம், ஆனாலும் தண்ணீர் நிற்கும் வயலில் வானத்தின் வெளிச்சம் கமராவுக்குள் அடித்துத் தொல்லை தரும். இது மேட்டுக்காணிப் பயிருக்கான வேலை. வரிசைக்கு வரிசை, செடிக்குச் செடி என்ற கணக்கில் சோளம் 60-க்கு 30, கச்சான் 45-க்கு 15, மிளகாய் 60-க்கு 45, உழுந்தும் பயறும் 30-க்கு 10 சென்ரிமீற்றர் என்று விவசாயத் திணைக்களம் சொல்லும் இடைவெளிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். இவற்றில் சோளமும் கச்சானும் கமராவுக்கு மிக வசதி. உழுந்து மூன்று நான்கு கிழமையில் இலை கோர்த்து மூடிவிடும். அதற்குப் பிறகு மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்ததுபோல்தான் இருக்கும்.

மெசினின் சக்கரத்தை அளவுங்கள்

விதைப்பை மட்டும் பார்ப்பதானால் சக்கர அகலம் ஒரு கேள்வியல்ல. முளைத்த பிறகு வரிசை பார்க்க மெசினை உள்ளே விடுவதானால், சக்கரம் சாலுக்கு நடுவே போக வேண்டும். அளவு நாடாவை எடுத்து, ஒரு பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மற்றதின் நடுவரை அளவுங்கள். 120 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்தால், 60 இடைவெளியில் நட்ட சோளத்தில் இரண்டு வரிசையை நடுவில் விட்டுப் போகலாம். கச்சானில் மூன்று வரிசையை நடுவில் விட 135 வேண்டும். அநேகமான நாலு சக்கர மெசின்களில் றிம்மைத் திருப்பிப் பூட்டி இந்த அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம், முன் அச்சிலும் துளைகள் இருக்கும். ஆனால் இதை விதைக்குமுன் செய்ய வேண்டும். முளைத்த பிறகு அளந்து பலனில்லை. சோளம் முழங்கால் உயரத்தைத் தாண்டினால் மெசினின் அடிவயிறு குருத்தை உரசும். அதோடு உள்ளே போவதை நிறுத்திவிடுங்கள்.

லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 60 சென்ரிமீற்றருக்குள் அதை விட்டால் பயிர் மிதிபடும் என்பது உண்மை. அதற்குப் பதிலாக ஒற்றைச் சக்கரக் களைகொத்தும் கருவியின் கைபிடியில் ஒரு கம்பியை நிமிர்த்திக் கட்டி, அதில் கமராவையோ பழைய போனையோ பூட்டித் தள்ளிக்கொண்டு போங்கள். அரை ஏக்கர் மிளகாய்க்கு இதுவே நல்ல வழி, எரிபொருள் செலவும் இல்லை.

வாங்குவது

விதைப்பைப் பார்க்க, பாரவூர்திகளுக்குப் பூட்டும் ரிவேர்ஸ் கமராவும் ஏழு அங்குலத் திரையும் சேர்ந்த பெட்டி போதும். வாங்கும்போது பெட்டியின் மேல் இருப்பதை வாசியுங்கள். மின்னழுத்தம் 10 முதல் 32 வோல்ட் வரை என்று இருந்தால், மெசின் ஸ்டாட் பண்ணும்போது வரும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். வெறும் 12 வோல்ட் என்று மட்டும் இருப்பது காருக்குச் செய்தது. தண்ணீருக்கும் தூசிக்கும் தாங்கும் அளவு ஐபி 67 என்றால் சேறும் மழையும் உள்ளே போகாது; ஐபி 69கே என்றால் பிரஷர் ஹோஸ் அடித்துக் கழுவினாலும் உள்ளே ஏறாது. வயர்கள் சேரும் இடத்தில் திருகிப் பூட்டும் நான்கு முள் இணைப்பு இருக்க வேண்டும். வெறுமனே செருகும் மஞ்சள் முனை கரடு வரம்பில் இரண்டு தரம் ஏறி இறங்கக் கழன்றுவிடும்.

வயர் இல்லாத கமராவும் விற்கிறார்கள். நான் அதை வாங்கச் சொல்லமாட்டேன். படம் வெட்டி வெட்டி வரும்போது, குழாய் அடைத்ததா படம் நின்றதா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. கமராவுக்கு எப்படியும் மின்சார வயர் இழுக்கத்தான் வேண்டும். அதோடு படத்துக்கான வயரையும் சேர்த்து இழுப்பதில் பெரிய மினக்கேடு இல்லை.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ரிவேர்ஸ் கமரா இடம் வலத்தை மாற்றிக் காட்டும், கண்ணாடி காட்டுவதுபோல. மெசினில் பூட்டிப் பின்பக்கம் பார்க்க வைத்தால் அது சரி: உங்கள் இடக்கைப் பக்கக் குழாய் திரையிலும் இடப்பக்கம் நிற்கும். அதே கமராவைக் கருவிக்குப் பின்னால் நீட்டிய கம்பியில் பூட்டி முன்பக்கம் பார்க்க வைத்தால் எல்லாம் தலைகீழ். நான்காவது குழாய் அடைத்திருக்க, முதலாவதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திரையின் அமைப்பில் இதை மாற்றலாம். சில கமராக்களில் பின்னால் ஒரு சிறு வயர் வளையம் இருக்கும், அதை வெட்டினால் படம் திரும்பும். இன்னொரு வளையம் வாகனம் நிறுத்துவதற்கான வண்ணக் கோடுகளை அழிக்கும். எது எதற்கு என்று தாளை வாசித்தபின் வெட்டுங்கள்.

முளையை எண்ணவும் களையைப் பார்க்கவும் ரிவேர்ஸ் கமரா போதாது. பதிவு செய்யும் கமரா வேண்டும். மோட்டார் சைக்கிளில் பூட்டும் அக்ஷன் கமரா நல்லது. நல்ல போன் இருந்தால் முதல் முறைக்கு அதுவே போதும். எந்தக் கமராவானாலும் ஷட்டர் வேகத்தை (ஒரு படத்துக்குக் கமராவின் கண் திறந்திருக்கும் நேரத்தை) கையால் மாற்ற முடியுமா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

மின்சாரம்

நாலு சக்கர மெசினில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுங்கள். பற்றரியில் நேரே கொடுத்தால், இரவு திரையை நிறுத்த மறந்து விடிய மெசின் ஸ்டாட் வராமல் நிற்கும். வயர் தொடங்கும் இடத்திலேயே 3 அம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள். எர்த் வயரைத் துருவின் மேல் முறுக்காமல், உரஞ்சித் துப்புரவாக்கிய இரும்பில் பூட்டுங்கள். படத்தில் கோடு கோடாக ஓடினால் பத்தில் எட்டுத் தரம் எர்த்தில்தான் பிழை இருந்தது, என் அனுபவத்தில்.

கையால் சுற்றி ஸ்டாட் பண்ணும் பழைய லான்ட்மாஸ்டர்களில் பற்றரியே இருக்காது. அதற்கு 12 வோல்ட், 7 அம்பியர் மணி கொண்ட சிறு பற்றரி ஒன்றைத் தனியாகப் பெட்டியில் வையுங்கள். கமராவும் திரையும் சேர்ந்து சுமார் 10 வாற் எடுக்கும் என்று வைத்தால், அது 0.8 அம்பியர் சொச்சம். கணக்குக்கு எட்டு மணித்தியாலம் வரும். பற்றரியை அடிவரை இறக்கினால் கெதியாகச் செத்துப்போகும், ஆகவே நான்கு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டு மத்தியானம் சார்ஜில் போடுங்கள்.

வயரை இழுக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். பிடிஓ தண்டுக்கு (மெசினின் பின்னால் சுழன்று கருவியை ஓட்டும் தண்டு) கிட்டவும் வயர் போகக் கூடாது. சுற்றிப் பிடித்தால் கமராவோடு கம்பியையும் இழுத்துக்கொண்டு போகும், கிட்ட நிற்கும் ஆளையும் அடிக்கும். மற்றது, கேபிள் டை இறுக்குமுன் கருவியை முழுதாகத் தூக்கியும் முழுதாக இறக்கியும் பாருங்கள். இறக்கும்போது வயர் விறைத்தால் ஒரு நாளில் உள்ளே அறுந்துவிடும். கருவியில் எங்காவது வெல்டிங் பண்ணக் கொண்டுபோனால் கமரா வயரை முதலில் கழற்றுங்கள். எனக்கு ஒரு திரை அப்படித்தான் போனது.

பூட்டுவது

விதைப்புக் கருவிக்கு: முக்கால் அங்குல ஜிஐ பைப் ஒன்றை வளைத்து, கருவியின் சட்டத்திலிருந்து பின்னால் முக்கால் மீற்றர் நீட்டி, நுனியில் கமராவைக் குழாய்களைப் பார்க்க வையுங்கள். எல்லாக் குழாய்களும் திரையில் விழ வேண்டும். குழாயின் நடுவே ஒரு சாண் நீளத்தை வெட்டி, அதே அளவு தெளிந்த பிளாஸ்ரிக் ஹோஸ் துண்டைப் போட்டால் விதை விழுவது மணிமணியாகத் தெரியும். எல்லாவற்றிலும் பிரயோசனமானது இந்த ஒரு துண்டுதான். கறுப்புக் குழாயின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் புழுதி கிளம்பும்போது ஒன்றும் விளங்காது.

வரிசை பார்ப்பதற்கு: கமரா நிலத்தை நேரே கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். சரித்து வைத்தால் கிட்ட இருப்பது பெரிதாகவும் தூர இருப்பது சிறிதாகவும் தெரியும், எண்ணிக்கை குழம்பும். எவ்வளவு உயரம் என்பது கண்ணாடியின் கோணத்தைப் பொறுத்தது. 60 பாகைக் கண்ணாடி தன் உயரத்தைவிடச் சற்றுக் கூட, ஏறத்தாழ 1.15 மடங்கு அகலத்தைப் பிடிக்கும். 90 பாகை இரண்டு மடங்கு பிடிக்கும். 120 பாகை மூன்றரை மடங்கு பிடிக்கும், ஆனால் ஓரங்கள் வளைந்து நெளிந்து போகும். வரிசை வேலைக்கு அது வேண்டாம். ஒன்றரை மீற்றர் உயரத்தில் 60 பாகைக் கண்ணாடி 1.7 மீற்றர் அகலத்தைக் காட்டும். சோளம் மூன்று வரிசையோ கச்சான் நான்கு வரிசையோ அதற்குள் அடங்கும். 1920 புள்ளி அகலப் படத்தில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கச்சான் இலை வடிவாகத் தெரியும். அப்போதுதான் முளைத்த புல்லின் இரண்டு மில்லிமீற்றர் இலை வெறும் இரண்டு புள்ளிதான். அதைப் பார்த்துக் கோரையா புல்லா என்று சொல்ல முடியாது. அது வேண்டுமென்றால் உயரத்தைக் குறைத்து ஒரு வரிசையை மட்டும் பாருங்கள்.

கணக்கை நம்பி விடாமல், பூட்டியபின் ஒரு மீற்றர் தடி ஒன்றை நிலத்தில் குறுக்கே போட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு எந்தப் படத்திலும் அளவு பார்க்க அது உதவும்.

அதிர்வுதான் பெரிய எதிரி. மட்காட் தகரத்தில் பூட்டினால் படம் கஞ்சிபோல் கலங்கும். என் முதல் நாள் பதிவு முழுக்க அப்படித்தான், ஒரு செடியைக்கூட எண்ண முடியவில்லை. கனமான சட்டத்தில் பூட்டுங்கள். கிளாம்புக்கும் சட்டத்துக்கும் இடையே பழைய ரயர் ரியூப் துண்டை இரண்டு மடிப்பாக வையுங்கள். கம்பி நீளமாக இருந்தால் நுனி ஆடும், நடுவிலிருந்து ஒரு குறுக்குக் கம்பி கொடுத்து முக்கோணமாக்குங்கள். நட்டுக்கெல்லாம் பூட்டு வளையம் போடுங்கள், அல்லது இரட்டை நட்.

வேகமும் வெயிலும்

மெசின் மணிக்கு 4 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனுக்கு 1.1 மீற்றர் நகர்கிறது. கமராவின் ஷட்டர் அறுபதில் ஒரு செக்கன் திறந்திருந்தால், அதற்குள் மெசின் 18 மில்லிமீற்றர் போய்விடும். படத்தில் இலை அவ்வளவு தூரம் இழுபட்டுத் தெரியும். ஷட்டர் 250-இல் ஒன்று என்றால் 4 மில்லிமீற்றர், 1000-இல் ஒன்று என்றால் 1 மில்லிமீற்றர். கமராவைத் தன் பாட்டுக்கு விட்டால் மழை மூட்டத்தில் ஷட்டரை மெதுவாக்கிவிடும், காலபோகத்தில் நமக்கு மூட்டமான நாட்களே கூட. ஆகவே 1000-இல் ஒன்று என்று பிடித்து வையுங்கள். படம் இருண்டால் 500-க்கு இறக்குங்கள், அதுவும் போதாவிட்டால் மெசினை மெதுவாக ஓட்டுங்கள்.

வெயில் பற்றி ஒரு சொல். விடியற்காலையும் பொழுதுபடும் நேரமும் நிழல் நீளம். ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழுந்து இல்லாத செடி இருப்பதுபோல் காட்டும். பனி ஈரம் இலையில் மினுங்கும். நல்ல நேரம் காலை ஒன்பதரைக்குப் பிறகு, அல்லது மேகம் ஒரே சீராக மூடிய நாள் முழுவதும். உச்சி வெயிலில் மெசினின் நிழலும் கமராவின் நிழலும் படத்துக்குள் விழாத பக்கம் பார்த்துப் பூட்டுங்கள். ஏழு அங்குலத் திரை வெயிலில் தெரியாது. கறுப்பு மட்டையில் மூன்று பக்க மறைப்பு வெட்டி ஒட்டினால் போதும். மெசின் ஓடும்போது திரையில் கண்ணை வைத்துக்கொண்டு போகக் கூடாது. விதைப்பின்போது ஒரு பார்வை, பிறகு முன்னால்.

முதல் ஓட்டம்

முழுக் காணிக்கும் போகாதீர்கள். ஒரே வரிசையில் 10 மீற்றர் அளந்து இரு முனையிலும் தடி ஊன்றுங்கள். நடந்து போய்க் கையால் செடியை எண்ணி எழுதுங்கள். 30 சென்ரிமீற்றர் இடைவெளிச் சோளம் என்றால் 33, 15 சென்ரிமீற்றர் கச்சான் என்றால் 66 நிற்க வேண்டும். பிறகு அதே துண்டை மெசினில் எடுத்துத் திரையில் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் உங்கள் கமராவை நம்பலாம். ஐந்தாறு செடி வித்தியாசம் வந்தால் உயரம், ஷட்டர், அதிர்வு மூன்றில் ஒன்று பிழை. அதைத் திருத்தாமல் ஒரு ஏக்கரை எடுத்துப் பிரயோசனமில்லை.

எந்த வரிசையைப் பார்க்கிறோம் என்பதை இழந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். பேசிப் பதியலாம் என்று நினைக்காதீர்கள், மெசின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஒரு மட்டையில் வரிசை இலக்கத்தைப் பெரிதாக எழுதி, வரிசை தொடங்கும் ஒவ்வொரு தலைப்பிலும் கமராவுக்குக் கீழே ஒரு செக்கன் காட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகள் இதற்கு ஆசையாக வருவார்கள். ஆனால் மெசின் நின்றபின் மட்டும் அவர்களைக் கிட்ட விடுங்கள்.

சோளம் மூன்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 2.2 கிலோமீற்றர் ஓட வேண்டும். திரும்புவதையும் சேர்த்து முக்கால் மணித்தியாலம். பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது கமராவைப் பொறுத்தது. 64 கிகாபைட் மெமரி காட் ஒன்றோடு தொடங்கலாம், ஆனால் அன்றன்று எடுத்ததை வேறிடத்தில் பிரதி செய்யுங்கள். வெப்பத்திலும் அதிர்விலும் முதலில் சாவது காட்தான்.

அன்றிரவே பாருங்கள்

எடுத்த படத்தைப் போனில் போட்டுவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று வைப்பதுதான் பெரிய பிழை. கச்சானில் இடைவெளியைக் கண்ட உடனேயே நிரப்ப வேண்டும். எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்கு, எங்கள் காணியில் நடந்ததுபோல் அந்தச் சால்கள் பிந்தியே நிற்கும். ஆகவே பின்னேரம் எடுத்தால் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள், பாதி வேகத்தில். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போதும்: வரிசை இலக்கம், தலைப்பிலிருந்து எத்தனையாவது செக்கன், என்ன கண்டேன். மணிக்கு 4 கிலோமீற்றரில் ஓட்டியிருந்தால், செக்கனை 1.1 ஆல் பெருக்க மீற்றர் வரும், விடிய அந்த இடத்துக்கு நடந்து போகலாம்.

ஒரே வரிசையில் நீளத்துக்கு இடைவெளி என்றால் குழாய் அடைப்பு. எல்லா வரிசையிலும் ஒரே குறுக்குக் கோட்டில் இடைவெளி என்றால் பள்ளத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது, வாய்க்கால் வெட்ட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளறின பள்ளத்தோடு காணாமல் போயிருந்தால் அணிலோ மயிலோ பன்றியோ. வரம்போரம் மட்டும் குறைந்தால் மாடு. நடந்து பார்த்தால் ஒவ்வொரு செடியாகத்தான் தெரியும். மேலிருந்து வரிசையாகப் பார்க்கும்போதுதான் இந்தக் கோலம் தெரிகிறது.

சோளத்தில் படைப்புழு. 2018-இல் இந்த நாட்டுக்குள் வந்ததிலிருந்து சோளக்காரரின் நித்திரையைக் கெடுத்தது. மேலிருந்து நேரே குருத்துக்குள் பார்க்கும் கமரா இதற்கு நல்ல துணை. இலையில் பச்சை சுரண்டப்பட்டுக் கண்ணாடித்தாள்போல் வெளுத்த சன்னல்கள், குருத்துக்குள் நனைந்த மரத்தூள்போல் கழிவு, விரியும் இலையில் கிழிந்த துளைகள் என்று படத்தில் பிடிபடும். ஆனால் இலைக்கு அடியில் இட்ட முட்டையைக் கமரா காணாது, அப்போதுதான் பொரித்த புழுவையும் காணாது. ஆகவே படத்தில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து மருந்தடிக்காமல் விடவும் வேண்டாம், ஒரு சன்னலைக் கண்டு முழுக் காணிக்கும் அடிக்கவும் வேண்டாம். கண்ட இடத்துக்குப் போய், குருத்தை விரித்துப் பார்த்து, படத்தையும் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். கையில் படம் இருந்தால் கதை சுருக்கமாக முடியும்.

தானே திருப்பும் கமராக்கள்

வெளிநாட்டுக் காணொளிகளில் கமரா பார்த்து, களைகொத்தும் கருவி தானே இடம் வலம் நகர்ந்து பயிரை விட்டுக் களையை மட்டும் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடிப்படை மிக எளிது. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் பச்சையின் அளவை இரண்டால் பெருக்கி, சிவப்பையும் நீலத்தையும் கழிக்கிறார்கள். விடை பெரிதென்றால் அது இலை, சிறிதென்றால் மண். இலைப் புள்ளிகள் நீளத்துக்குச் சேரும் கோடு வரிசை. அந்தக் கோடு நடுவிலிருந்து விலகினால் ஹைட்ரோலிக் உந்தி கருவியைத் தள்ளுகிறது. எங்கள் செம்மண்ணில் பச்சை எடுப்பாகத் தெரிவதால் இந்த முறை நன்றாக வேலை செய்யும். களை வரிசைக்கு நடுவே அடர்ந்துவிட்டாலும், சத்துக் குறைந்து இலை மஞ்சளாகினாலும் தடுமாறும்.

ஜோன் டியர் நிறுவனம் 2017-இல் புளூ ரிவர் என்ற நிறுவனத்தை வாங்கி, களையைக் கண்ட இடத்தில் மட்டும் மருந்து தெளிக்கும் பெரிய இயந்திரங்களைச் செய்கிறது. இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் காணிக்கு அது பொருந்தாது. ஆனால் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைத்து அதே வேலையைச் செய்யும் ஓப்பன்வீட்லொக்கேட்டர் என்ற திட்டத்தை அவுஸ்திரேலியாவில் செய்து, எல்லோரும் எடுக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு போகம் ஒழுங்காக எடுத்த பதிவும் கொப்பியும் உங்களிடம் இருந்தால் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். அவர்களுக்கும் நம் மண்ணில் நம் பயிரின் படம் தேவை. அதற்குமுன் இதில் காசைப் போடாதீர்கள்.

காப்பது

கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். எங்கள் மண்ணில் மணல் இருக்கிறது, கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு நனைந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள். மருந்து தெளிக்கும்போது கமராவைப் பொலித்தீனால் மூடுங்கள், துளி காய்ந்தால் போகாது. இணைப்புகளில் கிறீஸ் சிறிது பூசி ரேப் சுற்றினால் ஈரமும் எறும்பும் ஏறாது.

அயல் காணிக்கும் போய் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள், போங்கள். ஆனால் அங்கே களை பிடுங்க நிற்கும் பெண்களிடம் முதலில் சொல்லுங்கள், கமரா நிலத்தைத்தான் பார்க்கிறது என்று திரையைக் காட்டுங்கள். தங்களைப் படம் பிடிக்கிறார்களோ என்ற எண்ணத்தோடு ஒருவரும் வேலை செய்யக் கூடாது.

போகம் முடிந்ததும் கமராவையும் திரையையும் கழற்றி மூடியுள்ள வாளியில் வீட்டுக்குள் வையுங்கள். கொட்டிலில் விட்டால் எலி வயரைக் கடிக்கும். பைப்பையும் கிளாம்பையும் கருவியிலேயே விடுங்கள், கமராவின் சரிவு எங்கே நின்றதோ அங்கே பெயின்ரால் ஒரு கோடு போட்டு. ஐப்பசியில் முதல் மழை விழுந்து எல்லோரும் ஒரே நாளில் விதைக்க வெளிக்கிடும்போது, அந்தக் கோட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டுக் காணிக்குள் இறங்கலாம்.